பத்து விநாடிக் கேள்வி

கணினிக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சத்தம் போடுபவை. நீலத்திரை வரும், கறுப்புத் திரையில் வெள்ளெழுத்துகள் ஓடி ஓரிடத்தில் நின்றுபோகும், மதர்போர்டு பீப் அடிக்கும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சத்தமே போடாத ஒரு கோளாறு வரும். பொத்தானை அழுத்துகிறோம். கம்பெனியின் சின்னம் வருகிறது, புள்ளிகள் வட்டமடிக்கின்றன, விண்டோஸ் திறக்கிறது. இணையம் வருகிறது, கோப்புகள் வைத்த இடத்தில் இருக்கின்றன, வேகத்துக்கும் குறைவில்லை. நேற்றுவரை இதற்கு நடுவில் ஒரு பட்டியல் வந்து நிற்கும்: உபுண்டுவா, விண்டோஸா? பத்து விநாடி காத்திருக்கும். இன்று அது வரவில்லை. கோளாறு இவ்வளவுதான்.

இதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஆன் செய்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் ஓடுது" என்பார்கள். பொய்யில்லை, ஓடத்தான் செய்கிறது. ஓடுவதற்கு முன் நம்மை ஒரு வார்த்தை கேட்கும் வழக்கத்தைத்தான் விட்டுவிட்டது. கேட்காமல் விட்ட கேள்விக்கு எந்தக் கணினியும் பிழைச்செய்தி காட்டுவதில்லை.

பட்டியலைக் காணோம் என்றதும் வாயில் முதலில் வருவது "லினக்ஸ் போயிடுச்சு" என்பதுதான். போய்விட்டது என்று நம்பியவர் அடுத்து என்ன செய்வார்? பென் டிரைவைச் செருகி மறுபடி இன்ஸ்டால் செய்வார். பார்ட்டிஷன் கேட்கும் திரையில் அவசரத்தில் எதையோ அழுத்துவார். அதுவரை போகாமல் இருந்தது அந்த நொடியில் போகும். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்க்கும் பொறுமை மட்டும் இருந்தால், பெயரும் இல்லாமல், சி, டி என்ற எழுத்தும் இல்லாமல் ஒரு கட்டம் கண்ணில் படும். அதுதான் லினக்ஸ். பாதியில் விட்ட நிரல், இறக்கி வைத்த படங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் அதற்குள் அப்படியே கிடக்கின்றன. ஒரே தெருவில் காலம் காலமாகக் குடியிருந்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவரின் நிலைமைதான் அதற்கு. ஆள் இருக்கிறார், வீடு இருக்கிறது. சாவடியில் மட்டும் அப்படி ஒருவர் இல்லை.

அந்தக் கட்டத்தின் மேல் மவுஸை வைக்கும்போது கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'பயன்படுத்துவதற்கு முன் இதை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று விண்டோஸ் வெகு பணிவாகக் கேட்டுவந்த காலம் ஒன்று உண்டு. பார்ட்டிஷன்களைப் பதிந்துவைக்கும் ஜிபிடி முறையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இன்ன வகை என்று சொல்லும் அடையாள எண் இருக்கிறது. லினக்ஸ் கருவிகள் நெடுநாள் தமக்கென ஓர் எண் வைத்துக்கொள்ளாமல், விண்டோஸ் தன் தரவுக்கு வைத்திருந்த எண்ணையே போட்டுவந்தன. விண்டோஸ் எட்டிப் பார்க்கும், தன் எண் இருக்கும், உள்ளே இருப்பது படிக்க வராது. படிக்க வராததெல்லாம் காலி இடம் என்று முடிவு கட்டிவிடும். இந்த மனோபாவம் மென்பொருளுக்கு மட்டும் உரியதல்ல என்பதோடு இதை விட்டுவிடுகிறேன்.

யார் கேட்பது, கேட்கும் உரிமை யார் கையில் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நெடுங்காலம் எல்லாம் ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டில் நடந்தது. 1983இல் ஐபிஎம் பிசிக்கு வந்த டாஸ் 2.0 கொண்டுவந்த ஏற்பாடு அது. 446 பைட் துவக்க நிரலுக்கு. 64 பைட் நான்கே நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு. மிச்சம் இரண்டு பைட் முத்திரை. 446 பைட் என்பது எவ்வளவு? இன்றைய முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒன்றைச் சேமிக்க மூன்று பைட் ஆகிறது. நூற்றைம்பது குறிகள்கூட அதில் தேறாது. இந்தப் பத்தியின் முதல் மூன்று வாக்கியங்களையே வைக்க முடியாது. அவ்வளவு சின்ன இடத்துக்கு ஒரு சொந்தக்காரர்தான் இருக்க முடியும், கடைசியாக வந்து எழுதியவர் யாரோ அவர்.

விண்டோஸை நிறுவும்போது, அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரா என்று அது பார்த்ததில்லை. தன் நிரலை எழுதிவிட்டுப் போகும். லினக்ஸோ வட்டு முழுவதையும் துழாவி, விண்டோஸ் இருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். "மொதல்ல விண்டோஸ் போடு, அப்புறம் லினக்ஸ் போடு" என்ற விதி சென்னை ரிச்சி தெருக் கடையிலும் கல்லூரி விடுதியிலும் பரவியது இப்படித்தான். லினக்ஸுக்குப் பெரிய மனசு என்று இதற்கு அர்த்தமில்லை. ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் இருப்பதற்கு அடுத்தவரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசியம் கிடையாது. எண்ணிக்கையில் குறைந்தவர்தான் மற்றவரின் பெயர், முகவரி, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் படித்துவைத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து லினக்ஸ்காரர்களுக்கு லிலோவைத் தெரிந்திருக்கும். வெர்னர் அல்மெஸ்பர்கர் எழுதிய துவக்கி. திரையில் தன் பெயரை எழுத்தெழுத்தாக அச்சிட்டபடி ஏறும்: எல், ஐ, எல், ஓ. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டம் தாண்டியதற்கு அடையாளம். 'எல்' மட்டும் வந்து நின்றால் முதல் துண்டு ஓடியிருக்கிறது, இரண்டாவதை எடுக்க முடியவில்லை. 'எல்ஐ' என்று நின்றால் இரண்டாவது துண்டு வந்துவிட்டது, ஆனால் ஓட முடியவில்லை. 'எல்ஐஎல்' என்றால் அதுவும் ஓடி, எங்கே எது இருக்கிறது என்ற அட்டவணையைப் படிக்க முடியாமல் திணறுகிறது. நான்கெழுத்தும் வந்தால் பிழைத்தோம். திக்கிய இடத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். லினக்ஸின் உட்கருவான கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை ஒருமுறை ஓட்ட மறந்தால் கணினி ஏறாது என்ற தொல்லை அதில் இருந்தது. அது கோப்பின் பெயரைப் பார்க்காமல், கோப்பு வட்டில் கிடக்கும் இடத்தை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளும். 2015 முடிவோடு அதன் வளர்ச்சி நின்றுபோனது. பெரிய இழப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தான் எங்கே விழுந்தேன் என்று விழும்போதே சொன்ன மென்பொருள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதன் இடத்துக்கு வந்தது க்ரப். ஹர்ட் என்ற இயங்குதளத்தை ஏற்ற 1995இல் எரிக் போலின் எழுதத் தொடங்கியது, பிறகு குனு திட்டத்துக்குள் வந்தது. இது கோப்பு முறைமையைத் தானே படிக்கும். கெர்னல் எங்கே நகர்ந்தாலும் பெயரைச் சொல்லித் தேடும். அறிவு கூடக் கூடத் துண்டுகளும் கூடின. ஒரு துண்டு 446 பைட்டில், ஒரு துண்டு அதற்குப் பின்னால் கிடந்த வெற்றிடத்தில், மீதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள். விண்டோஸுக்கு இடம் போதவில்லை என்று யாராவது அந்தப் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்தமுறை 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரியோடு திரை நின்றுவிடும். பயமுறுத்தும் திரைதான். இருந்தாலும் அது பேசுகிறது: எனக்கு வேண்டியது அங்கே இல்லை என்கிறது.

பேசாத கோளாறு பரவலானது இதற்கு அடுத்த காலத்தில். இன்டெல் ஐடேனியம் கணினிகளுக்காக உருவாக்கிய இஎஃப்ஐ, 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போய் யூஇஎஃப்ஐ ஆனது. விண்டோஸ் 8 வந்த 2012 வாக்கில் வீட்டுக் கணினிகளிலும் வழக்கமாகிவிட்டது. அழகான ஏற்பாடு, சந்தேகமில்லை. 446 பைட் சண்டை முடிந்தது. வட்டில் ஒரு சின்னப் பார்ட்டிஷன், அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்றொரு கோப்புறை, உபுண்டு என்றொரு கோப்புறை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் மிதிக்க வேண்டியதில்லை. ஆனால் யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை வட்டில் இல்லை. மதர்போர்டின் நினைவகத்துக்குப் போய்விட்டது. சண்டை இடத்திலிருந்து வரிசைக்கு மாறியது. விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று, பயாஸ் அப்டேட் ஒன்று, அமைப்புகளை ஆலைநிலைக்குத் திருப்பிய ஒரு பொத்தான், இவற்றில் எது வந்தாலும் வரிசை மாறலாம். மாறினால் விண்டோஸ் முதலில் வரும். அது தன்னை ஏற்றிக்கொள்ளும். அடுத்த வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் வழக்கம் அதற்குத்தான் கிடையாதே.

எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தி லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி வந்தாள். "அங்கிள், ப்ராஜெக்ட் மொத்தமும் உபுண்டுலதான் இருக்கு. ராத்திரி அப்டேட் ஓடுச்சு. காலைல நேரா விண்டோஸ் வந்துடுச்சு. போச்சா?" அணைத்துவிட்டு ஆன் செய்ததும் எஃப்12-ஐத் தட்டச் சொன்னேன். (சில கம்பெனிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். இந்த விசைக்காவது ஒரு பொது எண் வைத்திருக்கக் கூடாதா இந்தக் கம்பெனிகள்?) மதர்போர்டின் சொந்தப் பட்டியல் வந்தது. முதல் வரி, விண்டோஸ் பூட் மேனேஜர். இரண்டாவது வரி, உபுண்டு.

"அப்ப அழிக்கலியா?"

"அழிக்கல. உன்னக் கேக்கறத நிறுத்திடுச்சு."

இரண்டாவது வரியில் என்டர் தட்டியதும் பழைய க்ரப் பட்டியல் வந்தது, அதிலிருந்து உபுண்டுவும் ஏறியது. டெர்மினலில் எஃபிபூட்எம்ஜிஆர் என்று அடித்தாள். பெயரின் கடைசி மூன்றெழுத்தைப் பார்த்து ஒருமுறையாவது சிரிக்காத தமிழ் லினக்ஸ்காரர் இருக்க முடியாது, அவளும் சிரித்தாள். திரையில் 'பூட்ஆர்டர்: 0000, 0003'. கீழே 0000 என்பது விண்டோஸ், 0003 என்பது உபுண்டு, இரண்டின் பக்கத்திலும் இயக்கத்தில் இருப்பதற்கான நட்சத்திரக் குறி. யாரும் யாரையும் கொல்லவில்லை. இரண்டு எண்கள் முன்பின்னாகியிருந்தன. அதே கட்டளையில் அந்த எண்களைத் திருப்பிப் போட்டதும் கதை முடிந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. மதர்போர்டின் பட்டியலிலேயே உபுண்டு இல்லாமல் போயிருந்தால் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, அந்தச் சின்னப் பார்ட்டிஷனில் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்து, வரியை மறுபடி எழுத வேண்டும். சில மதர்போர்டுகள் எந்த வரிசையையும் மதிக்காமல் விண்டோஸின் கோப்பை நேராகத் தேடிப் போகின்றன. எத்தனை முறை திருப்பி எழுதினாலும் மறுநாள் பழைய கதைதான். ஒன்றைப் பழைய பயாஸ் முறையிலும் மற்றொன்றைப் புதிய முறையிலும் நிறுவியிருந்தால் ஒன்றின் பட்டியலிலிருந்து மற்றதை ஏற்ற வழியே கிடையாது. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இல்லாமல் போனது பொருளா, பட்டியலா, வரிசையா? இதைக் கேட்காமல் இன்ஸ்டால் பொத்தானுக்குப் போகக் கூடாது.

ஒரே வட்டில் இருந்தும் முகம் பார்க்காத இந்த இருவரும் கடிகாரத்தில் மட்டும் மோதிக்கொள்வார்கள். மதர்போர்டின் கடிகாரத்தில் ஓடுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். லண்டன்காரருக்குக் குளிர்காலம் முழுக்க வித்தியாசமே தெரியாது. நமக்கு ஐந்தரை மணி நேரம். லினக்ஸில் இரவு ஒன்பதுக்கு வேலையை முடித்து விண்டோஸுக்குப் போனால் பிற்பகல் மூன்றரை என்று காட்டும். இதுவும் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை, மணியைக் கையால் திருத்திவிட்டுப் போகிறோம். அடுத்தமுறை லினக்ஸுக்குப் போனால் அங்கே பின்னிரவு இரண்டரை.

பட்டியல் தற்செயலாகத் தொலைவது ஒருபுறம். தெரிந்தே எடுத்துவிடுவது இன்னொருபுறம். 2021இல் வந்த க்ரப் 2.06, மற்ற இயங்குதளங்களைத் தேடும் வழக்கத்தைத் தானாகவே நிறுத்திக்கொண்டது. காரணம் நியாயமானது: தேடுவதென்றால் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் முழு அதிகாரத்தோடு திறந்து பார்க்க வேண்டும், அதில் ஒன்று கெட்ட எண்ணத்தோடு தயாரிக்கப்பட்டிருந்தால் வினை. விளைவு, இந்தமுறை காணாமல் போனது விண்டோஸ். புது லினக்ஸ் போட்டவர்கள் பட்டியலில் விண்டோஸைத் தேடினார்கள். மீட்க வேண்டுமானால் க்ரப்பின் அமைப்புக் கோப்பில் 'தேடலை முடக்கு' என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். எதிர்மறைக்கு எதிர்மறை போட்டுத்தான் ஒரு கேள்வியை மீட்க வேண்டியிருக்கிறது.

2024 ஆகஸ்டில் நடந்தது வேறு மாதிரி. க்ரப்பின் பழைய பதிப்புகளில் இருந்த ஓட்டையை அடைக்க, அந்தப் பதிப்புகளை இனி நம்பாதே என்ற ஆணையை மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டில் அனுப்பியது. இரட்டை இயங்குதளக் கணினிகளுக்கு இது போகாது என்று நிறுவனம் சொல்லியிருந்தது, போனது. எது இரட்டை, எது ஒற்றை என்று அடையாளம் காணும் சோதனை பல கணினிகளில் ஏமாந்தது. லினக்ஸை ஏற்றப் போனவர்களுக்கு, ஏதோ மிகப் பெரிய தவறு நடந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. நம்பிக்கைக்குரிய துவக்கியை மட்டும் ஏறவிடும் செக்யூர் பூட் என்ற காவலை நிறுத்திவிட்டு ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். விண்டோஸ் தரப்பிலிருந்து தீர்வு வர 2025 மே ஆயிற்று. பக்கத்தில் ஒருவர் குடியிருக்கிறாரா என்று முப்பது வருடமாகப் பார்த்துப் பழகாத ஒரு மென்பொருள், பார்த்தே ஆக வேண்டிய நாளில் சரியாகப் பார்க்கவில்லை. இதில் வியப்புக்கு ஒன்றுமில்லை.

விண்டோஸுக்கும் சொந்தமாக ஒரு பட்டியல் உண்டு. விண்டோஸ் 8 அதை நீலப் பின்னணியில், மவுஸால் தொடுகிற மாதிரி அழகுபடுத்தியது. அழகுபடுத்த வேண்டுமென்றால் விண்டோஸின் ஒரு பகுதியை முதலில் ஏற்றியாக வேண்டும். ஏற்றிவிட்டு, எது வேண்டும் என்று கேட்கும். வேறொன்றைச் சொன்னால், ஏற்றியதைப் போட்டுவிட்டுக் கணினியை முதலிலிருந்து ஆரம்பிக்கும். கூட்டத்தின் முடிவை எழுதி முடித்துவிட்டுக் கருத்து கேட்கும் அதிகாரிகளை நமக்குப் பழக்கம் என்பதால் இது பெரிதாக உறுத்துவதில்லை போலிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஒருமுறை வீடுவீடாகப் போனது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அந்த முதல் கணினி முதலில் காட்டியது இரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல். எதற்கு இரண்டு, ஏன் நம்மைக் கேட்கிறது என்று வகுப்பில் விளக்கிய ஆசிரியர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கடைக்காரரிடம் கொடுத்து, "ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுங்கண்ணே" என்றவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விளக்கம் இல்லாமல் தினமும் வந்து நிற்கும் கேள்வி இடைஞ்சல்தான். ஆனால் மென்பொருளில் தேர்வு என்ற ஒன்று உண்டு என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே காட்டக்கூடிய அந்தப் பத்து விநாடியை ஒரு தலைமுறையே துடைத்துத் தரச்சொல்லிக் காசு கொடுத்தது.

லினக்ஸ் உலகமும் இதில் புனிதர் இல்லை. வேறு இயங்குதளம் இல்லாத கணினியில் பட்டியல் எதற்கு என்று ஃபெடோரா 2018இல் தன் 29ஆம் பதிப்பிலிருந்து அதை மறைத்துவைக்கிறது. உபுண்டு அதற்கு முன்பிருந்தே அப்படித்தான். மறைத்ததை எஸ்கேப்பையோ ஷிஃப்ட்டையோ அழுத்தி வரவழைக்கலாம், எந்த நொடியில் அழுத்துவது என்று தெரிந்திருந்தால். புதுக் கெர்னல் மக்கர் செய்து பழைய கெர்னலுக்குத் திரும்ப வேண்டிய இரவில்தான் அந்தப் பட்டியலின் அருமை தெரியும். விநாடி மிச்சம் பிடிப்பவர்களோடு இதில் எனக்கு ஒத்துப்போகாது. காலையில் கணினி ஐந்து விநாடி முன்னால் திறப்பதால் எந்த வேலையும் சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

க்ரப்பின் காத்திருப்பு நேரத்துக்கு மைனஸ் ஒன்று என்று கொடுத்தால், பதில் வரும்வரை அது அசையாது. என் மேசைக் கணினியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆன் செய்துவிட்டுக் காபி போடப் போனாலும் வந்து பார்க்கையில் கேள்வி நிற்கும். மாடியில் கோப்புகளைப் பரிமாறிக்கொண்டு கிடக்கும் பழைய பெட்டிக்கு இது சரிப்படாது. நடுராத்திரியில் கரண்ட் போய் வந்தால், அது பட்டியலைக் காட்டிக்கொண்டு விடியும்வரை யாராவது என்டர் தட்டக் காத்திருக்கும். கீழே யாருக்கும் ஒரு கோப்பும் திறக்காது. அதற்கு ஐந்து விநாடி, முதல் வரியில் லினக்ஸ். லேப்டாப்போடு வந்த அந்தப் பெண் இரண்டையும் கேட்டுவிட்டு, கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதையே முதல் வரியாக நினைவு வைத்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருக்கிறதே என்றாள். இருக்கிறது. கோப்பில் இரண்டு வரி. அவளே எழுதிக்கொண்டாள், காத்திருப்பு பத்து விநாடி.